வெயிலுக்கு அசையாத எலக்ட்ரான்

சித்திரை மாதத்து மத்தியானத்தில் போடி ரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் கை வைத்தால் பொசுங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் மேகமில்லாத உச்சி வேளையில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் வந்து விழுகிறது. நாள் முழுக்க அந்த வெயிலில் கிடந்தாலும் அந்த இரும்பு பெயர் சொல்லும்படி ஒரு எலக்ட்ரானையும் வெளியே விடுவதில்லை. அதே இரும்புத் துண்டைத் தேய்த்துச் சுத்தப்படுத்தி, வீட்டுச் சமையலறையின் தண்ணீர் சுத்திகரிப்பானுக்குள் எரிகிறதே புற ஊதா விளக்கு, அதன் முன்னால் பிடித்தால் எலக்ட்ரான்கள் உடனே கிளம்பும். அந்த விளக்கு சில வாட் மின்சாரத்தில் எரிவது.

ஒளி உலோகத்திலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றுவதைப் பள்ளிப் பாடநூல் ஒளிமின் விளைவு என்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்துத் தேர்வு எழுதியதோடு பலரும் அதை மறந்துவிடுகிறோம். தேனி மாவட்டத்துக்கு அதோடு தனி உறவு உண்டு. பொட்டிப்புரத்தில் அமைவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றிப் பத்தாண்டுக்கும் மேலாகப் பேசினோம். அதற்காக மலையைக் குடையலாமா கூடாதா என்று வாதாடினோம். அந்த வாதத்தின் ஒரு முக்கியமான முடிச்சு இந்த எலக்ட்ரானில் இருக்கிறது என்பதை மேடைகளில் யாரும் விரித்துச் சொல்லிக் கேட்டதில்லை. அதைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

1887-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைப் பற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். அலையைப் பெறும் கருவியில் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே சிறு பொறி தாவும். பொறியைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று அதை இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பொறி குறுகிப்போனது. எதிரே இருந்த பெரிய பொறியின் ஒளி தன்மேல் விழும்போதுதான் சின்னப் பொறி நீளமாகத் தாவியது. நடுவில் கண்ணாடியை வைத்தால் விளைவு மறைந்தது, குவார்ட்ஸை வைத்தால் மறையவில்லை. கண்ணாடி புற ஊதாவைத் தடுக்கும், குவார்ட்ஸ் விட்டுவிடும். தான் தேடிப் போகாத இந்த விளைவைப் பல மாதம் பொறுமையாக ஆராய்ந்து எழுதிவைத்துவிட்டு, ஹெர்ட்ஸ் தன் அலைகளுக்குத் திரும்பினார்.

மறு ஆண்டு ஹால்வாக்ஸ் செய்துகாட்டிய சோதனையை இன்றும் கல்லூரி ஆய்வகத்தில் செய்யலாம். ஒரு துத்தநாகத் தகட்டை உப்புத்தாளால் மினுங்கும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்காத தகட்டில் படிந்திருக்கும் ஆக்சைடு சோதனையைக் கெடுத்துவிடும். தகட்டைத் தங்க இலை மின்காட்டியின் தலையில் பொருத்தி எதிர் மின்னூட்டம் கொடுத்தால், ஒன்றையொன்று தள்ளும் மின்னூட்டத்தால் இலை விரிந்து நிற்கும். சாதாரணக் குண்டு பல்பின் ஒளியை அதன்மேல் விழச் செய்தால் ஒன்றும் ஆகாது. பல்பை அருகே கொண்டுவந்தாலும், இரண்டு மூன்று பல்புகளைச் சேர்த்தாலும் இலை அப்படியே இருக்கும். புற ஊதா விளக்கைப் போட்டதும் இலை கீழே இறங்கத் தொடங்கும். நடுவில் ஜன்னல் கண்ணாடித் துண்டைச் செருகினால் இறக்கம் நின்றுவிடும், எடுத்தால் மறுபடி இறங்கும். தகட்டுக்கு நேர் மின்னூட்டம் கொடுத்திருந்தால் எந்த விளக்குக்கும் இலை இறங்காது. வெளியே போவது எதிர் மின்னூட்டம்தான் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். அது எலக்ட்ரான்தான் என்று 1899-இல் ஜே.ஜே. தாம்சன் காட்டினார்.

அந்தக் காலத்து இயற்பியலர்களுக்குப் பல்புகள் தோற்றதுதான் புரியவில்லை. ஒளி அலை என்றால், அலையின் வலிமையைக் கூட்டக்கூட எலக்ட்ரான் அதிக வேகத்தில் பறக்க வேண்டும். மங்கலான ஒளி என்றால் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து நேரங்கழித்தாவது எலக்ட்ரான் வெளிவர வேண்டும். 1902-இல் லெனார்டு அளந்து பார்த்தார். ஒளியைக் கூட்டினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது, அவற்றின் உச்ச வேகம் கூடவில்லை. காத்திருப்பும் இல்லை. 1928-இல் லாரன்ஸும் பீம்ஸும் அளந்தபோது ஒளி விழுவதற்கும் எலக்ட்ரான் வெளிவருவதற்கும் நடுவே ஒரு நொடியின் நூறு கோடியில் மூன்று பங்கு தாமதம்கூட இல்லை என்று தெரிந்தது.

1905-இல் ஐன்ஸ்டைன் சொன்ன விடையில் ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலத்தின், அதாவது ஃபோட்டானின், ஆற்றல் ஒளியின் நிறத்தைப் பொறுத்தது. உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரானைக் கிணற்றுக்குள் விழுந்த பந்தாக நினைத்துக்கொள்ளலாம். விளிம்பைத் தாண்டும் அளவுக்கு ஒரே தள்ளு கிடைத்தால் வெளியே வரும், அரைகுறைத் தள்ளு ஆயிரம் கிடைத்தாலும் வராது. விளிம்பின் உயரத்தை வெளியேற்று ஆற்றல் என்கிறோம். ஃபோட்டானின் ஆற்றலில் அதைக் கழித்தது போக மிஞ்சுவது எலக்ட்ரானின் இயக்க ஆற்றலாகிறது. சமன்பாடு முழுவதும் இந்த ஒரு கழித்தல்தான்.

ஐன்ஸ்டைனை நம்பாத மில்லிகன் பத்தாண்டு உழைத்து அதைச் சோதித்தார். சோடியம், பொட்டாசியம், லித்தியம் ஆகியவற்றின் மேற்பரப்பு காற்றுப் பட்டதும் கெட்டுவிடும். அதனால் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியை வைத்து, வெளியிலிருந்து காந்தத்தால் அதை இயக்கி உலோகத்தைச் சீவிச் சீவிப் புதுப் பரப்பை எடுத்தார். 1916-இல் அவர் கணக்கிட்ட பிளாங்க் மாறிலி, அதாவது ஒளியின் அதிர்வெண்ணை ஃபோட்டானின் ஆற்றலாக மாற்றும் எண், இன்றைய மதிப்பிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை. ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசு சார்பியலுக்காகக் கிடைக்கவில்லை. இந்தக் கழித்தலுக்காகத்தான் கிடைத்தது. பொய்யாக்கப் புறப்பட்ட மனிதரே கறாராக அளந்து உறுதிசெய்த கோட்பாடு இது. இயற்பியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயங்களில் ஒன்று.

இப்போது கம்பம் வெயிலின் கணக்கைப் போடலாம். 1,240 என்ற எண்ணை ஒளியின் அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் அளவில் வந்துவிடும். சிவப்பு 1.8, ஊதா 3.1. வளிமண்டலத்தின் ஓசோன் சுமார் 290 நானோமீட்டருக்குக் கீழான ஒளியைத் தரைக்கு விடுவதில்லை. அதனால் தரையை எட்டும் ஃபோட்டான்களில் வலுவானதற்கும் 4.3 எலக்ட்ரான் வோல்ட்தான். சுத்தமான இரும்பின் வெளியேற்று ஆற்றல் சுமார் 4.5. கோடானுகோடி ஃபோட்டான்கள் விழுந்தும் ஒன்றுக்கும் தேவையான பலம் இல்லை, எல்லாம் சூடாகிப் போகிறது. தண்ணீர் சுத்திகரிப்பானின் விளக்கு தருவது 254 நானோமீட்டர் ஒளி, அதாவது 4.9. அது போதும்.

பொட்டாசியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.3, சீசியத்தினுடையது 2.1. பச்சை, மஞ்சள் ஒளியே இவற்றுக்குப் போதுமானது. இந்தக் கார உலோகங்களை ஆன்டிமனியோடு சேர்த்துக் கண்ணாடிக் குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் பூசினால் மங்கலான நீல ஒளிக்கும் எலக்ட்ரான் தரும் ஒரு கண் கிடைத்துவிடுகிறது. நான்கைந்து ஃபோட்டான் விழுந்தால் ஒரு எலக்ட்ரான் என்ற கணக்கில் அது வேலை செய்யும். ஒற்றை எலக்ட்ரானை எந்த மீட்டரும் காட்டாது என்பதால் அதைப் பெருக்க வேண்டும். மின்னழுத்தம் கொடுத்த ஒரு தகட்டில் அதை மோதவிட்டால் நான்கு எலக்ட்ரான்கள் தெறிக்கும். அந்த நான்கும் அடுத்த தகட்டில் மோதிப் பதினாறாகும். பத்துத் தகடுகள் தாண்டியதும் பத்து லட்சத்தைக் கடந்துவிடும். ஒளிமின் பெருக்கி என்ற இந்தக் குழாய் 1930-களில் பிறந்தது. கண்ணுக்குப் புலப்படாத மினுக்கத்தை எண்ணிப் பார்க்கும் தொழில் அதோடு தொடங்கியது.

தமிழ்நாட்டில் ஒளியை இப்படி எலக்ட்ரானாக்கி அளந்த இடங்களில் காவலூர் முக்கியமானது. ஜவ்வாது மலையிலுள்ள அந்த வான் நோக்கு நிலையத்தில் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதை பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமின் அளவியைப் பொருத்திப் பதிவு செய்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி ஒன்பது நொடி தாழ்ந்தது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே இரவில் வேறு இடங்களில் எடுத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அது யுரேனஸின் வளையம் என்று தெரிந்தது.

நியூட்ரினோ என்ற துகளின் கதையும் இதே குழாயோடு சேர்ந்தது. 1965-இல் கோலார் தங்க வயலில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி வெட்டிய சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து ஒரு கருவியை நிறுவின. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம், மியாகே, உல்ஃபெண்டேல் முதலானோரின் குழு அது. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ ஒன்று பாறையில் மோதினால் மியூவான் என்ற துகள் கிளம்பும். அது கருவியிலுள்ள பிளாஸ்டிக் பலகையைக் கடக்கும்போது பலகை ஒரு நொடித்துளிக்கு நீலமாக மினுங்கும். அந்த மினுக்கத்தை ஒளிமின் பெருக்கிகள் எலக்ட்ரானாக மாற்றின. காற்றுமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் பதிவு செய்தவர்களில் இவர்களும் அடங்குவர். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெய்ன்ஸின் குழுவும் அதே ஆண்டில் அதைச் செய்தது. பின்னாளில் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே 50,000 டன் தண்ணீரைச் சுற்றிப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய ஒளிமின் பெருக்கிகளைப் பதித்து, 1998-இல் நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன என்று நிறுவியது. அந்தக் குழுவின் கஜிதாவுக்கு 2015-இன் நோபல் பரிசு அதற்காகத்தான்.

கோலாரில் 1990-களின் தொடக்கத்தோடு ஆய்வுகள் நின்றன, பின்னர் சுரங்கமே மூடப்பட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர நினைத்தவர்கள் முதலில் நீலகிரியின் சிங்காராவைக் கேட்டார்கள். யானை வழித்தடம், முதுமலை புலிகள் காப்பகம் என்ற காரணங்களால் அது 2009-இல் கைவிட்டுப்போனது. அடுத்து வந்தது தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தின் பொட்டிப்புரம், ஊர்க்காரர்கள் அம்பரப்பர் மலை என்று சொல்லும் குன்று. ஒரே பாறையாக நிற்கும் சார்னோகைட் மலை அது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை போட்டால் எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை மூடிய குகை கிடைக்கும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

அங்கே வைக்கத் திட்டமிட்ட கருவியின் எடை 50,000 டன். கருவியின் உடம்பு முழுக்க இரும்பு, 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள காந்தமேற்றிய தகடுகள் 151 அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே நாலு சென்டிமீட்டர் இடைவெளியில் சுமார் முப்பதாயிரம் கண்ணாடி அறைகள். ஒவ்வொரு அறையிலும் 3 மில்லிமீட்டர் கண்ணாடித் தகடுகள் இரண்டு 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும். அவற்றுக்கு நடுவே வாயு, குறுக்கே சுமார் 10,000 வோல்ட். மியூவான் கடந்தால் வாயுவில் எலக்ட்ரான்கள் உதிரும், மின்புலம் அவற்றைச் சரிவாகப் பெருக்கிச் சைகையாக்கும்.

இந்தக் கருவியில் ஒளியின் பாத்திரம் தலைகீழாகிவிடுகிறது. எலக்ட்ரான் சரிவு நடக்கும்போது வாயு மூலக்கூறுகள் புற ஊதா ஃபோட்டான்களை உமிழும். அவை பக்கத்தில் போய் வேறோர் இடத்தில் எலக்ட்ரானைக் கிளப்பிவிட்டால் அங்கே இன்னொரு சரிவு தொடங்கும். துகள் போகாத இடத்தில் சைகை வரும், அறை ஓயாமல் பொரிந்துகொண்டே இருக்கும். பழைய கைகர் குழாய்க்கும் இதே நோய்தான். அதற்குள் இருக்கும் ஆர்கான் உமிழும் ஃபோட்டான் 11 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல், குழாயின் செம்புச் சுவருக்கு 4.5 சொச்சம் போதும். 1930-களில் குழாய்க்குள் சாராய ஆவியைக் கலந்து அதை அடக்கினார்கள். பொட்டிப்புரத்துக்கு வகுத்த வாயுக் கலவையில் 95.2 சதவீதம் ஆர்134ஏ என்ற குளிர்பதன வாயு, 0.3 சதவீதம் சல்பர் ஹெக்சாஃபுளோரைடு, மீதி 4.5 சதவீதம் ஐசோபியூட்டேன். இந்த 4.5 சதவீதத்தின் வேலை அந்த ஃபோட்டான்களை விழுங்குவது. விழுங்கிய ஆற்றலை ஐசோபியூட்டேன் தன் பிணைப்புகளின் அசைவிலும் உடைவிலும் கரைத்துவிடும். கோலாரில் ஒளியிலிருந்து ஓர் எலக்ட்ரானாவது கிடைக்காதா என்று ஏங்கினார்கள், பொட்டிப்புரத்துக் கருவியில் ஒன்றுகூடக் கிளம்பிவிடக் கூடாது என்று காவல் போட்டார்கள்.

அந்தக் கருவி பொட்டிப்புரத்துக்கு வரவில்லை. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் புதிய அனுமதி வந்தது, காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. இடம் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் இந்தத் திட்டம் வேண்டாம் என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பெரியாறு, மதிகெட்டான் காடுகளை இணைக்கும் புலி வழித்தடம் அது சொன்ன முக்கியமான காரணம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கலக்காமல் பேசுவது அவசியம். நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும் என்ற பயத்துக்கு இயற்பியலில் ஆதாரம் கிடையாது. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம்மைக் கடந்து போகின்றன. அந்தக் கருவி நியூட்ரினோ எதையும் உற்பத்தி செய்யாது, வந்ததைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். ஆனால் மலையைக் குடைவது, வெடி வைப்பது, தண்ணீர், காடு, புலி வழித்தடம் பற்றிய கேள்விகள் வேறு வகை. அவற்றை நியூட்ரினோவின் சாதுத்தனத்தைச் சொல்லி அடைக்க முடியாது. முதல் பயத்தைத் தீர்த்துவிட்டால் இரண்டாவது கேள்வி தானாகவே அடங்கிவிடும் என்று விஞ்ஞானிகள் தரப்பு நினைத்தது பெரிய பிழை என்றே கருதுகிறேன்.

சரி, மலை எதற்கு? தரையில் நின்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் வானிலிருந்து மியூவான்கள் கொட்டுகின்றன. அந்த மழையில் நியூட்ரினோ தந்த அபூர்வ மியூவானைத் தனியே அறிய முடியாது. ஒரு கிலோமீட்டர் பாறை அந்த மழையைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கும். நூறு மீட்டர் பாறை என்றால் நூறில் ஒன்றாகத்தான் குறையும். பத்தாயிரம் மடங்கு குறை விழுகிறது. அந்தக் குறையைப் பாறைக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு நிரப்ப முடியுமா என்பதுதான் கருவியைத் திட்டமிட்டவர்கள் முன் எழுந்த கேள்வி. கருவியைச் சுற்றி மினுங்கும் பிளாஸ்டிக் சுவர் எழுப்பி, வெளியிலிருந்து நுழையும் ஒவ்வொரு மியூவானையும் அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்றைத் தவறவிடலாம், அதற்கு மேல் கூடாது. அதாவது 99.99 சதவீதத் திறன். அது கைகூடினால் ஒரு கிலோமீட்டர் மலை தேவைப்படாது, சின்னக் குன்றின் அடியே போதும் என்று கணினிக் கணக்குகள் காட்டுகின்றன.

மதுரையில் 2018 முதல் 85 டன் எடையுள்ள சிறு மாதிரிக் கருவி ஓடுகிறது. பதினொரு அடுக்கு இரும்பு, நடுவில் பத்து அடுக்குக் கண்ணாடி அறைகள். அதைச் சுற்றிச் சுவர் எழுப்பும் வேலையைத் தொடங்கினார்கள். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள நீண்ட பிளாஸ்டிக் பட்டைகளுக்குள் நெடுக மெல்லிய ஒளியிழைகள் ஓடும். ஒவ்வொரு இழையின் நுனியிலும் இரண்டு மில்லிமீட்டர் சதுரத்தில் சிலிக்கான் துண்டு, மொத்தம் சுமார் 3,000. ஒளிமின் பெருக்கிக் குழாய் செய்ததை இந்தத் துண்டு செய்கிறது. ஒரு வித்தியாசம், இதில் எலக்ட்ரான் சிலிக்கானை விட்டு வெளியே பறப்பதில்லை. உள்ளேயே தளையிலிருந்து விடுபட்டு, உள்ளேயே பெருகுகிறது. அதற்கு 1.1 எலக்ட்ரான் வோல்ட் போதும்.

அந்தச் சின்ன எண்ணில்தான் தொல்லை. தடை அவ்வளவு தாழ்வாக இருந்தால் ஒளி இல்லாமலேயே வெறும் சூடும் எலக்ட்ரானைக் கிளப்பிவிடும். இருட்டில் சும்மா இருக்கும் துண்டு ஒவ்வொன்றும் நொடிக்கு லட்சக்கணக்கில் பொய்ச் சைகை தருகிறது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய இரட்டிக்கும். மதுரை ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. மெய்யான மியூவான் சில பத்து எலக்ட்ரான்களைச் சேர்த்துத் தரும், பொய்ச் சைகை பெரும்பாலும் ஒற்றையாக வரும். அதனால் இத்தனைக்குக் கீழே வந்தால் எண்ணாதே என்று ஒரு வரம்பு வைக்கிறார்கள். பட்டையின் இரு நுனியும் ஒரே சமயத்தில் பேச வேண்டும் என்றும் கேட்கிறார்கள். வரம்பை உயர்த்தினால் பொய் குறையும், ஓரமாக உரசிப் போகும் மெய் மியூவானும் தப்பிவிடும். தாழ்த்தினால் பொய் வெள்ளமாகப் பெருகி, நல்ல நியூட்ரினோ நிகழ்வையும் அடித்துக்கொண்டு போகும். பட்டைகள் சேரும் மூலைகளிலுள்ள மயிரிழை இடைவெளிகள் வேறு இருக்கின்றன. 2017-இல் வெளியான, மும்பையில் செய்த சிறு அளவுச் சோதனையில் திறன் 99.98 சதவீதத்தை ஒட்டி வந்தது. பத்தாயிரத்துக்கு இரண்டு தப்பின என்று அர்த்தம். சின்ன மேசையளவுக் கருவியில் கிடைத்த எண் அது.

முழுச் சுவரில் பத்தாயிரத்துக்கு எத்தனை தப்புகின்றன என்பதை மதுரையில் வருடக்கணக்கில் எண்ணிச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, மலையைக் குடையாத ஒரு வழி இருக்கிறதா இல்லையா என்பதை விளக்கிவிட்டுத்தான் பொட்டிப்புரத்துக்காரர்களிடம் மறுபடி பேசப் போவது நியாயமாக இருக்கும்.